மேல் வீட்டுச் சூடு

நவம்பர் 11

மேல் வீட்டுச் சொந்தக்காரிக்கு,

உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாசற்படியில் நின்று சொன்னவள் நான்தான். அதை மீறப் போவதில்லை. எழுதுவது பேச்சில் சேராது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டீர்கள். ஒழுகல் மட்டும் போகவில்லை. போன குளிர்காலத்தில் உன் குளியலறைக்கு நேர் கீழே, ஒரு மூலையில்தான் சொட்டியது. இப்போது குளிர் தொடங்கியதும் தொடங்காததுமாக என் முன்னறை சீலிங் முழுக்கத் தண்ணீர் கோத்து நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் கண்ணில் விழுகிறது. ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்புகளைத் தேய்த்து அடுக்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால், மேல் மடிப்பில் பழுப்பாய் ஒரு சொட்டு. துவைத்ததை மறுபடி துவைக்கிறேன், தேய்த்ததை மறுபடி தேய்க்கிறேன். உடுப்பு வாங்க வருகிற அம்மாள் நேற்று என் முகத்தைப் பார்த்து, "டீ குடிச்சுக்கிட்டே தேய்ச்சீங்களா?" என்று கேட்டாள். இந்த வேலையைத் தொட்ட நாளிலிருந்து நான் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை.

சுவர் மூலையெல்லாம் கறுப்பாய்ப் பூசணம். ப்ளீச் போட்டுத் தேய்த்தால் போகிறது, வாரம் திரும்புவதற்குள் மறுபடி பூத்துவிடுகிறது. அறைக்குள் நுழைந்தாலே ஓத வாடை. எனக்கு இருமல் வேறு.

வெயில் வந்ததும் எல்லாம் காய்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டுக்காரர் குளியலறைத் தரையை உடைத்த கையோடு காய்ந்தது. "சத்தமில்லாம குழாயை மாத்திட்டார், அதான் நின்னுபோச்சு" என்று நான் சொன்னதற்குத்தானே நீ அந்தக் குதி குதித்தாய்? இதோ மறுபடி ஒழுகுகிறது. அவர் செய்த ஒட்டு வேலை ஒரு குளிருக்குக்கூடத் தாங்கவில்லை.

உடனே ஒரு நல்ல பிளம்பரை அனுப்பு. நல்ல பிளம்பர் என்றால் உன் வீட்டில் இருப்பவர் அல்ல.

கீழ் வீட்டுக்காரி


நவம்பர் 20

கீழ் வீட்டு அம்மணிக்கு,

எழுதுவது பேச்சில் சேராது என்று கண்டுபிடித்திருக்கிறாய். நல்லது. திட்டுவது மட்டும் எப்படி எழுத்தில் அப்படியே வந்து சேர்ந்துவிடுகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நல்லவேளை, நான் வேலை செய்யும் ரொட்டிக் கடை முகவரிக்கு எழுதினாய். வீட்டுக்கு வந்திருந்தால் அவர் கையில் கிடைத்திருக்கும். இனியும் இங்கேயே எழுது.

மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வீட்டைப் பூட்டும் முன் அவர் வால்வை மூடி, குழாய்க்குள் நின்ற தண்ணீரையும் ஒட்ட வடித்துவிட்டார். "ஆள் இல்லாத வீடு, குளிர்ல உறைஞ்சு குழாய் வெடிச்சா உங்க அக்கா தலையிலதான் கொட்டும்" என்று சொல்லிக்கொண்டே வடித்தார். நீ அவரைத் தெருவில் நிறுத்திய பிறகும் வடித்தார். இப்போது நீயே சொல், தண்ணீரே இல்லாத குழாய் எப்படி ஒழுகும்?

திருட்டுத்தனமாகக் குழாயை மாற்றினாராம்! அக்கா, அவர் அந்தத் தரையை உடைத்ததே உன்னால்தான். "ஒரு தடவை உள்ள வந்து சீலிங்கைப் பார்க்கட்டுமா?" என்று உன் வாசலில் நின்று கேட்டார். நீ கதவு நிலையில் கையை ஊன்றி மறித்துக்கொண்டு, "உங்க வீட்டுத் தண்ணியை உங்க வீட்டுல தேடுங்க" என்றாய். தேடினார். தானே ஒட்டிய டைல்ஸைத் தானே உடைத்துத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவரை ஆட்டிவிட்டது. கிடைத்திருந்தால் சரிசெய்துவிட்டுப் போயிருப்பார்.

நம்பாவிட்டால் நீயே மேலே ஏறிப் பார். சாவி ஹார்டுவேர் கடையில் இருக்கிறது. அதே கடைதான். நாலு பேர் நிற்கும்போது கல்லா முன்னால் நின்று, "சொந்த வீட்டுக் குழாயையே ஒழுங்கா போடத் தெரியாத ஆளு" என்று சொன்னாயே, அந்தக் கடை. அதற்குப் பிறகு பிளம்பர் வேண்டும் என்று யார் கேட்டாலும் கடைக்காரர் வேறு ஒருவர் பெயரைச் சொன்னார். நாங்கள் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்று நீ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வீட்டை விற்கப் பேசியிருக்கிறோம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மனைவி, கைக்குழந்தை. ஜனவரி நடுவில் கையெழுத்து.

மேல் வீட்டுக்காரி
(கொஞ்ச நாளைக்கு)


டிசம்பர் 1

சுண்டு,

பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி குளிர். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. கட்டில் இருந்த இடம், அலமாரி இருந்த இடம் எல்லாம் சுவரில் வேறு நிறமாகத் தெரிகிறது. நீ ஜன்னலோரம் வைத்திருந்த பூந்தொட்டியின் வட்டம்கூட அப்படியே இருக்கிறது. சீலிங், சுவர், மூலை முடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஈரம் இல்லை.

குளியலறைத் தரை உடைத்தது உடைத்தபடி திறந்து கிடக்கிறது. மூடியிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டி வைத்திருக்கிறார். முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ஒரு சொட்டு கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது. இன்னொன்றையும் கழற்றினேன். பிறகு கழற்றவில்லை. கழற்றிய இரண்டையும் திரும்பக் கட்டிவிட்டேன், அவரளவு ஒழுங்காக வரவில்லை.

உடைந்த டைல்ஸ் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருமினேன். கீழே வந்தால் என் சீலிங் சொட்டுகிறது. மேலே பாலைவனம், கீழே மழை. குழாய் இல்லாவிட்டால் வேறு ஏதோ. எப்படியும் மேலிருந்துதானே தண்ணீர் வரும்? கீழேயிருந்தா ஏறும்?

விற்பதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டி, கீழே எனக்கு, மேலே உனக்கு என்று பிரித்துக் கொடுத்த வீடு. முன்பின் தெரியாதவர்கள் என் தலைக்கு மேல் நடக்கப் போகிறார்கள், எனக்கே கடைசியில்தான் தெரிகிறது.

அக்கா


டிசம்பர் 11

அக்கா,

ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னவளிடம் ஒரு வார்த்தை எப்படிச் சொல்வது? சரி, விடு. உன்னிடம் சண்டை பிடிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை.

உன் கடிதத்தில் வந்ததை அவரிடம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லாமல், கடைக்கு வரும் யாரோ ஒரு அம்மா வீட்டுக் கதையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"மேல குழாய் ஏதாவது போகுதா?" என்று கேட்டார்.

"போகுது. ஆனா தண்ணி இல்ல. மேல் வீடு காலி."

"காலின்னா ஹீட்டரும் ஓடாதே. அப்போ சீலிங் சில்லுனு இருக்கும். இது கசிவே இல்ல. கீழ் வீட்டு ஆவிதான் போய் அதுல தண்ணியா உட்காருது. உங்க கடை ஜன்னல் காலையில எப்படி இருக்கு? யாராவது வெளியேயிருந்து தண்ணி ஊத்தினாங்களா?"

எங்கள் கடையில் அடுப்பு மூட்டியதும் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழியும். அதைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. தினமும் துடைக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பார்.

"அந்தம்மா துணியை வீட்டுக்குள்ளதான் காயப் போடுறாங்களா?"

"ஆமா."

"ஜன்னலை எல்லாம் குளிருக்கு டேப் போட்டு ஒட்டிட்டாங்களா?"

"ஆமா."

"நாள் முழுக்க ஆவி இஸ்திரி வேற" என்றார். அக்கா, இஸ்திரி பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கோப்பையைக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார், "உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

"இருமல்னு எழுதியிருக்கா."

"அந்தப் பூசணக் காத்தை இழுத்தா இருமாம என்ன செய்யும்? ஜன்னலைத் திறக்கச் சொல்லு." பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "உள்ள விட்டிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நானாவது அன்றைக்கு உன் கையைத் தட்டிவிட்டு அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். எனக்கும் வீம்பு. நீ கூப்பிட்டால்தான் வருவது என்று நின்றேன்.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்குத் தெரிய வேண்டும். இங்கே கம்பெனியில் ஒரு குழாய் இணைப்பை இறுக்கிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்க்கிறாராம். மேஸ்திரி அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டார். "சந்தேகம் எங்கப்பா?" என்றால் எல்லோருக்கும் இவர்தான். வீட்டில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு குழாயாக இறுக்குகிறார், கதவைப் பூட்டிய பிறகு திறந்து வந்து இறுக்குகிறார். கையைப் பார்த்தாலே வேலை தெரியும் என்று அப்பா இவரைப் பற்றித்தானே சொல்வார்? அந்தக் கையை இப்போது இவரே நம்புவதில்லை.

ஒன்று செய். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். சீலிங்கில் ஓர் இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவை. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டு. ஈரம் தாளுக்குப் பின்னால் கட்டினால் மேலிருந்து வருகிறது. உன் பக்கம் கட்டினால் உன் அறையிலிருந்து வருகிறது. பார்த்துவிட்டு, பார்த்ததை அவருக்கு எழுது. எனக்கு அல்ல, அவருக்கு. அது போதும்.

சுண்டு


டிசம்பர் 20

சுண்டு,

ஒட்டினேன். என் பக்கம்தான் கட்டியது. தாளுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

ஒரே ஓர் இடத்தில் பார்த்ததை வைத்து எப்படி முடிவு கட்டுவது? நான் எத்தனையோ குளிர்காலமாக வீட்டுக்குள்தான் துணி காயப் போடுகிறேன். ஜன்னலுக்கு டேப் ஒட்டுவதும் புதிதல்ல. அப்பா இருந்தபோதே ஒட்டினேன். அப்போதெல்லாம் வராத தண்ணீர் போன வருஷம் மட்டும் ஏன் வந்தது? இதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

அவருக்கு எழுத உட்கார்ந்தேன். முன்பு வாய் நிறையத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தையை எழுதிவிட்டு மேற்கொண்டு ஓடவில்லை. கிழித்துவிட்டேன்.

ஜன்னல் டேப்பைப் பிய்த்துவிட்டேன். குளிர் தாங்கவில்லை, ஆனால் இருமல் கொஞ்சம் தேவலை.

அக்கா


டிசம்பர் 28

அக்கா,

உன் கேள்வியை அவரிடமே கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. "அப்போ போன வருஷம் ஏதோ ஒரு வழியை அடைச்சிருக்காங்க. அதுவரைக்கும் ஆவி அது வழியா வெளியே போயிட்டு இருந்திருக்கும். என்ன அடைச்சாங்கன்னு கேளு" என்றார்.

அந்த மூலையில் மட்டும் முதலில் சொட்டியதற்கும் காரணம் சொன்னார். எங்கள் குளியலறை ஈரம் காய ஜன்னலை எப்போதும் திறந்தே வைப்பார், அல்லவா? அதனால் அந்தத் தரை மட்டும் சில்லென்று இருந்திருக்கிறது. மற்ற அறைகளில் எங்கள் ஹீட்டர் ஓடியது, உன் சீலிங் காய்ந்திருந்தது. வெயில் வந்ததும் எல்லாமே நின்றது. இப்போது மேலே யாரும் இல்லை, முழு சீலிங்கும் சில்லென்று ஆகிவிட்டது. புரிகிறதா? நாங்கள் உன் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றவில்லை அக்கா. நாங்கள் மேலே இருந்ததுதான் உன் வீட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

என்ன அடைத்தாய்? எனக்குத் தெரிந்து உன் வீட்டில் ஜன்னலை விட்டால் சமையலறைப் புகைபோக்கி ஒன்றுதான் வழி. அதை யாராவது அடைப்பார்களா?

இதை நன்றாகக் கேட்டுக்கொள். நேற்று அவரிடம், "விக்காம விட்டுட்டா என்ன?" என்று கேட்டேன். உடனே முடியாது என்று சொல்லவில்லை. "ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கின தெருவுல எப்படி இருக்கிறது? உங்க அக்கா வாயால அது குழாய் இல்லன்னு வரட்டும், நான் மூட்டையைக் கட்டுறேன்" என்றார். ஜனவரி பதினாறு கையெழுத்து. அதற்குள் உன் கடிதம் அவர் கைக்கு வர வேண்டும். வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். மன்னிப்பு கேள் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை எழுது.

எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை அக்கா. ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

சுண்டு


ஜனவரி 5

தம்பிக்கு,

இந்த முறை கிழிக்காமல் எழுதுகிறேன். சுண்டுவும் கூடச் சேர்ந்தே படிக்கட்டும்.

ஒழுகியது உங்கள் குழாய் அல்ல. என் வீட்டு ஆவி. பிளாஸ்டிக் தாளை அப்புறம் வேறு வேறு இடங்களிலும் ஒட்டிப் பார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் என் பக்கம்தான் ஈரம்.

நீங்கள் ஊகித்தது சரி, நான் ஒரு வழியை அடைத்தேன். சமையலறைப் புகைபோக்கியை அடைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

சுண்டுவுக்குத் தெரியும். அந்தப் புகைபோக்கி கீழ்ச் சமையலறையிலிருந்து மேல் சமையலறை வழியாக மொட்டைமாடி வரை போகிறது. மேலே பேசுவது கீழே கேட்கும். சின்ன வயதில் இவள் மேலேயிருந்து அதற்குள் வாயை வைத்து, "அக்கா, பசிக்குது!" என்று கத்துவாள். நீங்கள் வந்த பிறகும் எனக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். கரண்டிச் சத்தம், இவள் பாடுகிறேன் என்று கத்துவது, நீங்கள் கேலி செய்வது. அதற்காகத்தான் இஸ்திரி மேஜையைச் சமையலறையில் போட்டிருந்தேன். ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கும்.

போன குளிர் தொடங்கிய சமயம். உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே நீங்கள், "உங்க அக்காவுக்கு வேற என்ன வேலை? நம்ம வீட்டுல எத்தனை தடவை குழாயைத் திறக்கிறோம்னு கணக்கெடுத்துக்கிட்டு இருப்பாங்க. பாவம், அவங்களுக்குன்னு யாரு இருக்கா?" என்றீர்கள். சுண்டு சிரித்தாள்.

நீங்கள் சொன்னதுகூடப் பரவாயில்லை, 'பாவம்' என்றுதானே சொன்னீர்கள். இவள் சிரித்தது என்னால் தாங்க முடியவில்லை. சட்டையைத் தேய்த்து முடித்து, மடித்து, மேலே கொடுத்தனுப்பினேன். அப்புறம் பழைய மெத்தைப் போர்வையைச் சுருட்டி, துடைப்பக் கட்டையால் புகைபோக்கிக்குள் குத்தி அடைத்தேன். உங்கள் சத்தம் நின்றது. சமையலறையில் அமைதி தாங்கவில்லை, இஸ்திரி மேஜையை முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் சீலிங்கில் முதல் ஈரம் தெரிந்தது.

அது மேலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். உங்களிடம் கத்த ஒரு காரணம் கிடைத்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் உள்ளே வந்து பார்க்கிறேன் என்றபோது நான் மறித்தது சீலிங்குக்காக அல்ல. சமையலறைக்குள் போய் அந்த அடைப்பைப் பார்த்துவிடுவீர்கள், ஏன் என்று கேட்பீர்கள் என்றுதான்.

வீட்டை விற்காதீர்கள். என் சீலிங்குக்காகச் சொல்லவில்லை.

அக்கா

ஜனவரி 15. மேலே உள்ளதை எழுதி இத்தனை நாள் இஸ்திரி மேஜையில், துணிக்கு அடியில் வைத்திருந்தேன். உறையில் போடுவேன், எடுப்பேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் இருவரும் மறுபடி ஒரு தடவை சிரித்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இன்றைக்குத் தபாலில் போடுகிறேன். நாளைக்குள் வந்து சேராது என்று தெரியும். எதற்கும் கையெழுத்துத் தள்ளிப்போயிருந்தால் நல்லது என்று போடுகிறேன்.


ஜனவரி 24

அக்கா,

தள்ளிப்போகவில்லை. பதினாறாம் தேதி காலையில் கையெழுத்துப் போட்டோம். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஏதாவது வந்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போட்டார். அந்தக் குடும்பம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, குழந்தையும் சாமானுமாக உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. இனிமேல் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, "நீலக் கட்டம் போட்ட சட்டை" என்றார். அப்புறம், "அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் அவங்க வாசல்ல நின்னு மல்லுக்கட்டினேன்" என்றார். வேலைக்குக் கிளம்பும்போது சமையலறைக் குழாயை மூடினார், கதவைப் பூட்டினார், போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வரவில்லை அக்கா. ஒரே தடவைதான் மூடினார்.

இதைப் போன மாதமே செய்திருக்கக் கூடாதா? எனக்கு உன்னை உலுக்க வேண்டும் போல இருக்கிறது. உலுக்கிவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

நான் சிரித்தேன். அதற்குச் சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் சொன்னது சரியல்ல என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் சிரித்தேன். உன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் உனக்கு வலிக்காது என்று சின்ன வயதிலிருந்தே ஓர் எண்ணம். நீ எல்லோரையும் விரட்டுகிறவள் அல்லவா? மேலே வந்து ஒரு வார்த்தை, "ஏண்டி சிரிச்சே?" என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுது முடித்திருப்போம். ஒரு போர்வைக்காக வீடு போய்விட்டது.

அவர் வருவாரா என்று கேட்காதே. இப்போது கேட்டால் இல்லை என்பார். போர்வையை வெளியே எடு. அதை மட்டும் உடனே செய்.

சுண்டு


மார்ச் 2

சுண்டு,

எடுத்துவிட்டேன். துடைப்பக் கட்டையால் முடியவில்லை, ஏணி போட்டுக் கையை விட்டு இழுத்தேன். போர்வை முழுக்கக் கறுத்து, கனத்துப் போயிருந்தது. பிழிந்தால் தண்ணீர். குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இஸ்திரி மேஜையையும் சமையலறைக்கே கொண்டுபோய்விட்டேன்.

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அன்றைக்கு நாலு பேர் இருந்தார்கள், இன்றைக்கும் நாலு பேர் சேரட்டும் என்று காத்திருந்து சொன்னேன். "என் தம்பி போட்ட குழாய் ஒரு சொட்டுகூட ஒழுகல. ஒழுகினது என் வீட்டு ஆவி. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்." எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைக்காரர் ஆணியை எடை போட்டுக்கொண்டே, "இப்ப சொல்லி என்னங்க, அவர்தான் போயிட்டாரே" என்றார். அவரிடம் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மேலே அவர்கள் வந்து சில வாரம் ஆகிறது. குளியலறைத் தரையை மூட வந்த கொத்தனார் குழாயைப் பார்த்துவிட்டு, "யார் வேலை இது? இவ்வளவு சுத்தமா இருக்கே" என்று படியிறங்கி வந்து என்னிடம் கேட்டார். தம்பி குழாயில் கட்டிய காகிதங்களை எடுத்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றிலும் கறை இல்லை. தம்பியிடம் சொல்.

கைக்குழந்தை இருப்பதால் மேலே நாள் முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. வெளியே இன்னும் பனி விலகவில்லை, ஆனால் என் சீலிங் ஒட்டக் காய்ந்துவிட்டது. பூசணத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தேன். மறுபடி பூக்கவில்லை. இருமலும் இல்லை. ஆஸ்பத்திரி அம்மாள் உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போகிறாள். இதற்குத்தான் அவ்வளவு கத்தினேன். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை.

தம்பி எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும். சீலிங்கைப் பார்க்கவாவது வரச் சொல். நிலையில் கை வைக்க மாட்டேன்.

புகைபோக்கியில் மறுபடி எல்லாம் கேட்கிறது. குழந்தைக்குப் பால் ஆற்றுகிற சத்தம், அந்த பஸ் ஓட்டுகிறவர் பொண்டாட்டியைக் கேலி செய்வது, அவள் சிரிப்பது. நேற்று இஸ்திரியைத் தூக்கிப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அக்கா